ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி: என் அம்மம்மா யாழ்ப்பாணத்து மானிப்பாயில் காலமாகி எட்டு மாதமாகிறது. 31ஆம் நாளுக்கு அவசரமாக அடித்த ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் அவவைக் காணவில்லை. எந்த வீட்டு அம்மம்மாவுக்கும் அது பொருந்தும். பிள்ளைகளுக்காகவும் அயலட்டைக்காகவும் வாழ்ந்தவ. முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்காவது ஒழுங்கான நினைவு மலர் ஒன்று போட ஆசை. எங்கே தொடங்குவது? — பேத்தி, ஸ்காபரோ, கனடா

பதில்: முதலில் திகதி. ஆட்டைத் திவசம் திதிக்கு வருவது. ஆங்கிலத் திகதியை நம்பியிருந்தால் பத்துப் பதினொரு நாள் முந்தியே வந்து நிற்கக்கூடும். உங்கள் வீட்டில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதையும் சொல்லி ஐயரிடம் நாளை இப்போதே கேட்டு வையுங்கள். அதிலிருந்து ஒரு மாதம் பின்னுக்கு எண்ணினால் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள்.

கல்வெட்டில் அவ இல்லாமல் போனதற்கு ஆரையும் நோக வேண்டாம். செத்தவீட்டு அலைச்சலுக்குள் முந்திய ஒரு கல்வெட்டை எடுத்துப் பெயரை மாற்றத்தான் நேரம் இருக்கும். பஞ்சபுராணம், சிவபுராணம், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல், நன்றி நவிலல் என்று வரிசையும் மாறாது. இம்முறை புலம்பல்களைத் துணிந்து விடுங்கள். திதி வெண்பாவை மட்டும் விடாதீர்கள். ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நாலு அடிக்குள் இருக்கும். முப்பது வருடம் கழித்துத் திவச நாளைத் தேடும் பூட்டப்பிள்ளைக்கு அதுதான் கையில் கிடைக்கும்.

இனி அவவைப் பற்றிய பகுதி. அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் வரை உள்ள காலத்தில் பாதியை இதற்கே செலவிடுங்கள். பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். சிநேகிதிகளுக்கு எண்பது கடந்திருக்கும், ஆகவே அவர்களிடம் முதலில் போங்கள். “அம்மம்மா எப்படிப்பட்டவ?” என்று கேட்டால் “தங்கமான மனுசி” என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். “விடிய எழும்பினால் முதல் வேலை என்ன?”, “ஆரோடு கோபம் போட்டவ, எப்படித் தீர்ந்தது?”, “கடைசியாக அவவின் கையால் என்ன சாப்பிட்டீங்கள்?” என்று கேளுங்கள். வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியா பிந்தியா, 1974 யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின்போது மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதா, யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981இல் எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டால் வருடம் தானாக வரும். போரினால் யாழ்ப்பாணத்தவர் தென்மராட்சிப் பக்கம் போன 1995 அக்டோபர் 30 இடப்பெயர்வைத் தனியாகவே கேளுங்கள். அங்கே ஆர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தார்கள், எத்தனை பேருக்கு ஒரு அடுப்பு, அரிசி எங்கிருந்து வந்தது? மற்றவர்களுக்காக வாழ்ந்தவர் என்று நீங்கள் எழுதத் தேவையில்லை. அந்த அடுப்பைப் பற்றி எழுதினால் போதும்.

ஒரு இருப்பில் அரை மணிக்கு மேல் வேண்டாம், முதியவர்கள் களைத்துவிடுவார்கள். குரலைப் பதிந்து, அன்றைக்கே எழுத்தில் இறக்குங்கள். பேச்சைத் திருத்தாதீர்கள். “அவ வந்தவ” என்பதை “அவர் வந்தார்” ஆக்கினால் சொன்ன ஆளின் குரல் போய்விடும்.

சமையல் குறிப்புப் போடுவதாக இருந்தால் ஒன்றே போதும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் என்றால், மாவை எவ்வளவு நேரம் ஊறவிட்டு எத்தனை தரம் தண்ணீர் வடித்தவ என்பதுதான் முக்கியம். கைப்புப் போவது அதில்தான். “ஒரு சுண்டு” என்று அளவுப் பேணிக் கணக்கில் அச்சிட்டால் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கு விளங்காது. அவ பாவித்த அதே சுண்டு இருந்தால் தண்ணீர் நிரப்பி மில்லிலீட்டரில் அளந்து எழுதுங்கள். அச்சுக்கு முன் ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள். கண்மட்டத்தில் சமைத்தவர்களின் குறிப்பில் உப்பும் புளியும் எப்போதும் விடுபட்டிருக்கும்.

படங்களில்தான் பலர் கோட்டை விடுவது. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிய படம்; ஊரிலிருந்து அனுப்புபவரை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். A5 பக்க அகலத்துக்குப் போட ஏறக்குறைய 1750 பிக்சல் வேண்டும், அதற்குக் குறைந்தால் சிறிதாகப் போடுவதே மேல். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யலாம்.

உறவுப் பட்டியல் சண்டை வரும் இடம். மரண அறிவித்தலில் இருந்ததை அப்படியே எடுக்காதீர்கள், அதில் விடுபட்ட ஒருவர் இன்னும் மனத்தாங்கலோடு இருப்பார். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மூத்தவரிடம் காட்டி, எழுத்தில் “சரி” வாங்குங்கள். ‘காலஞ்சென்ற’ என்ற அடை இருப்பவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள். ஒருவர் இறந்து பெயர்கள் வரிசையில் நகரும்போது இது நடக்கும். சிநேகிதிகளுக்கு அந்தப் பட்டியலில் வழமையாக இடமே இல்லை. அவவின் வாழ்வில் இருந்த இடத்துக்கு ஏற்ப அவர்களுக்குத் தனிப் பக்கம் கொடுங்கள்.

அச்சகம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் யுனிகோடில் அனுப்புவதை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஆங்கிலத்தில் தட்டிய மருமகன் பெயர், பாமினி எழுத்துரு விழுந்தால், அர்த்தமில்லாத தமிழாக வரும், ஏனெனில் அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் அனுப்பியதை அல்ல, அச்சகம் தரும் கடைசி பிடிஎப்பைச் சரிபாருங்கள். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் மூலத்தைப் பார்க்கட்டும். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக வேண்டும். 34 பக்கம் வந்தால் இரண்டைக் குறைத்து 32 ஆக்குங்கள். குறைக்க முதல் இடம் நன்றி நவிலல்.

ஒரு பிரதியையும் பிடிஎப்பையும் நூலக நிறுவனத்துக்கு அனுப்பலாம், 2005 முதல் இயங்கும் அவர்களின் இணைய நூலகத்தில் நினைவு மலர்களுக்கும் இடமுண்டு. அங்கே போனால் யாரும் வாசிக்கலாம். அதனால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எழுதும்போதே தவிர்த்துவிடுங்கள்.