எல்லாரும் கால் செய்யும் மேசையில் ராஜா ஜோடி

கேள்வி: சிறு தொகைக்கு ஆடும் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் மேசையில், 1–2 பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் சின்ன, பெரிய தொகைகள்) ஆடிவருகிறேன். எதிரில் இருப்பவர்கள் எந்தச் சீட்டு வந்தாலும் கால் செய்பவர்கள், அதாவது பிறர் கட்டிய தொகைக்கு ஈடாகக் கட்டி ஆட்டத்தில் தொடர்பவர்கள். அண்மையில் சீட்டு பிரிப்பவரின் இடமான பட்டனில் எனக்கு ராஜா ஜோடி வந்தது. எனக்கு முன்பே மூவர் தலைக்கு 2 கட்டி உள்ளே வந்திருந்தனர். யாரையும் விரட்டிவிடக் கூடாது என்று தொகையை 4-க்கு மட்டும் உயர்த்தி ரெய்ஸ் செய்தேன். சின்ன பிளைண்ட் தவிர மற்ற நால்வரும் கால் செய்தனர். பிளாப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டுகளில், ஒன்பது, எட்டு, மூன்று விழுந்தன. அவற்றில் இரண்டு இஸ்பேட். எல்லாரும் பணம் கட்டாமல் செக் செய்தனர். என் கையின் பலம் தெரியக் கூடாது என்று நானும் செக் செய்தேன். நான்காம் பொதுச் சீட்டான டர்னில் நாலு வந்ததும் பெட் கட்டினேன். அதுவரை ஒருமுறைகூட ரெய்ஸ் செய்யாத ஒருவர் பெரிதாக ரெய்ஸ் செய்தார். அதையும், கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் அவர் கட்டியதையும் கால் செய்தேன். அவர் எட்டும் நாலும் காட்டி, இரண்டு ஜோடியுடன் பாட்டை (நடுவில் சேர்ந்த மொத்தப் பணத்தை) எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்களிடம் பெரிய ஜோடிக்கு மதிப்பே கிடையாதா?

பதில்: பெரிய ஜோடிக்கு மிக அதிக மதிப்பு கிடைப்பது இப்படிப்பட்டவர்களிடம்தான். நீங்கள் தோற்றதற்குக் காரணம் அவர்கள் கால் செய்தது அன்று. கால் செய்ய அவர்களிடம் மிகக் குறைந்த விலை வாங்கியதே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஏதோ ஒரு கையுடன் வரும் ஒருவரை எதிர்த்து ராஜா ஜோடி ஏறத்தாழ 82 சதவீதம் வெல்லும். நால்வர் சேர்ந்து வந்தால் அது ஏறத்தாழ 50 சதவீதமாகக் குறையும். இந்தச் சரிவைக் கண்டுதான் பலரும் மனம் தளர்கிறார்கள். ஆனால் ஐந்து பேர் சமமாகப் பணம் போட்ட பாட்டில் உங்கள் பங்கு 20 சதவீதம் மட்டுமே. அதற்கு ஈடாகப் பாதி முறை மொத்தப் பாட்டும் உங்களுக்கு வருகிறது. இரண்டில் ஒருமுறை தோற்பது இந்த வியாபாரத்தின் இயல்பான செலவு. ஆகவே கால் செய்பவர்கள் அதிகமாக இருப்பதைப் பற்றி வருந்தாமல், ஒவ்வொருவரும் எவ்வளவு கட்டி உள்ளே வருகிறார்கள் என்பதில் கவனம் வைக்க வேண்டும்.

நீங்கள் 4-க்கு ரெய்ஸ் செய்தபோது பாட்டில் 13 இருந்தது. பெரிய பிளைண்டில் இருந்தவர் இன்னும் 2 மட்டும் கட்டினால் போதும். அந்த விலைக்கு அவர் எந்த இரண்டு சீட்டுடனும் வரலாம், அதைத் தவறு என்றும் சொல்ல முடியாது. பெரிய பிளைண்டின் மூன்று மடங்கு, அத்துடன் ஏற்கெனவே உள்ளே வந்துள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பிளைண்ட் என்பது பழகிய அளவு. உங்கள் நிலையில் அது 12. மேசையில் 12-க்கும் தயங்காமல் கால் செய்கிறார்கள் என்றால் 14 அல்லது 16 கட்டுங்கள். நன்றாக ஆடுபவர்களிடையே இது உங்கள் கையைக் காட்டிக்கொடுக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் தம் சீட்டை மட்டுமே பார்த்து ஆடுபவர்கள் உங்கள் பெட்டின் அளவை வைத்து எதையும் ஊகிப்பதில்லை.

பிளாப்பில் நீங்கள் கையை மறைத்தது அடுத்த பிழை. தானாக பெட் கட்டும் துணிச்சல்காரருக்குத்தான் மறைப்பு பொறியாகும்; கால் செய்வது ஒன்றையே வழக்கமாகக் கொண்டவரிடம் நீங்கள் கட்டாவிட்டால் பாட் வளராது. அந்தப் பிளாப்பில் இருந்த 21-க்கு நீங்கள் 15 கட்டியிருந்தால், எட்டும் நாலும் வைத்திருந்தவர் 36-ஐ வெல்ல 15 போட வேண்டியிருந்திருக்கும். அது நஷ்டமில்லாமல் இருக்க அவருக்கு ஏறத்தாழ 29 சதவீதம் வாய்ப்பு வேண்டும். அவருக்கு உதவக்கூடியவை மீதமுள்ள இரண்டு எட்டு, மூன்று நாலு ஆகிய ஐந்து சீட்டுகளே. டர்னில் அவற்றுள் ஒன்று விழும் வாய்ப்பு 11 சதவீதம், ரிவரையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 20-தான். அவர் அப்போதும் கால் செய்து, அப்போதும் அந்த நாலு விழுந்திருக்கலாம். ஆயினும் அந்த நாலைப் பார்க்க அவர் விலை கொடுத்திருப்பார், நீங்கள் அதை இலவசமாகக் கொடுத்தீர்கள். இரண்டு இஸ்பேட் வைத்து ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) எதிர்பார்த்திருந்தவருக்கும் இதே கணக்குதான்: அடுத்த ஒரு சீட்டில் அது நிறைவேறும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

இவ்விரண்டையும்விட உங்களுக்கு அதிகப் பணத்தை இழக்கவைத்தது டர்னில் செய்த கால். நெடுநேரம் செக், கால் என்றே ஆடிவந்த ஒருவர் நான்காம் சீட்டில் ரெய்ஸ் செய்தால், அவரிடம் இரண்டு ஜோடியோ மூன்று ஒரே சீட்டோ அதைவிடப் பெரியதோ இருப்பதாகவே கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர் பொய்யாக ரெய்ஸ் செய்வது மிக அரிது. ராஜா ஜோடி பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த நேரத்தில் அது ஒற்றை ஜோடிதான். இவ்வளவு நல்ல கையை எப்படிப் போடுவது என்ற எண்ணம் எழுவதை நான் நன்கு உணர்கிறேன், ஆனால் அந்த இடத்தில் ஃபோல்டு செய்ய, அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகப் பழகியவருக்கே சிறு தொகை மேசையில் பணம் மிஞ்சுகிறது. கைக்குக் கை ரெய்ஸ் செய்யும் முரடருக்கு இது பொருந்தாது. அவர் ரெய்ஸ் செய்தால் நீங்கள் தாராளமாகக் கால் செய்யலாம்.

கேள்வி: ராஜா ஜோடி வைத்திருக்கும்போது பிளாப்பில் ஏஸ் வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: அது ஏறத்தாழ 23 சதவீதம் நடக்கும். எதிரில் ஒருவர் மட்டும் இருந்தால் பாட்டின் பாதியளவு ஒருமுறை கட்டிப் பாருங்கள். கால் வந்தால் அதன் பிறகு செக் செய்து, சிறிய பாட்டாகவே முடிக்கப் பாருங்கள். மூவரோ நால்வரோ இருந்தால் நிலைமை வேறு. இந்த மேசைகளில் ஏஸ் ஒன்று கையில் இருந்தால் துணைச் சீட்டு எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்வார்கள். ஆகவே யாரோ ஒருவரிடம் அது இருக்கும் வாய்ப்பு மிகுதி. செக் செய்யுங்கள், எவரேனும் உறுதியாகக் கட்டினால் ஃபோல்டு செய்யுங்கள்.