செக்யூரிட்டி கார்டு வேலைக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? பயிற்சி எப்படி இருக்கும்?

லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். இந்தியாவில் துப்பாக்கி இல்லாத சாதாரணக் காவலாளி தன் பெயரில் எடுக்க வேண்டிய லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி (துறையில் எல்லோரும் ‘பசாரா’ என்பார்கள்) லைசென்ஸ் எடுக்க வேண்டியது ஏஜென்சிதான். உங்களுக்கு வேண்டியது பயிற்சியும், நன்னடத்தைச் சரிபார்ப்பும், ஏஜென்சி தரும் புகைப்பட அடையாள அட்டையும்.

அதனால் வேலை கேட்டுப் போகும்போது முதலில் ஏஜென்சியின் லைசென்ஸைப் பாருங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி அதை அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 5 ஆண்டுதான் செல்லும், தேதியையும் பார்த்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தகுதியைப் பொறுத்தவரை, 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகளில் ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. உயரம் கேட்கிறார்கள். 6 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, நிறக்குருடு மட்டும் இருக்கக் கூடாது.

பயிற்சிதான் முக்கியம். மேலே சொன்ன மத்திய அரசு விதிகளின்படி வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் வகுப்பில் 40 மணி நேரம், களத்தில் 16 மணி நேரம், குறைந்தது 7 வேலை நாட்கள் போதும். நடப்பு என்னவென்றால், காலையில் யூனிஃபார்ம் கொடுத்து மாலையில் கேட்டில் நிறுத்திவிடும் ஏஜென்சிகள் நிறைய. சூப்பர்வைசராக வேலை பார்க்கும் எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். அந்தப் பையன் இரவு டியூட்டியில் தனியாக இருக்கும்போது மின்சாரப் பலகையில் தீப்பிடித்தால், பதற்றத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பயிற்சி எடுத்தவனுக்கு மெயினை அணைக்கத் தெரியும். தீயணைப்பானின் பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து அடிக்கவும் தெரியும். இதை ஒரு தடவையாவது கையில் பிடித்துச் செய்து பார்த்திருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து அந்த நேரத்தில் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது.

முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டையைச் சோதிப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது எல்லாம் பாடத்தில் வரும். ஆங்கில எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். வாகன எண் எழுத, கருவிகளின் திரையைப் படிக்க அது தேவை.

சட்டப் பகுதி வரும்போது தூங்கிவிடாதீர்கள். காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. உங்கள் கண் முன்னால் ஒருவன் திருடினால், சாதாரணக் குடிமகனுக்கு இருக்கும் உரிமையில் அவனைப் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ஆவது பிரிவின்படி, தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் அவனைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் வரும். அடிக்கச் சொன்னவர் யாரும் கோர்ட்டில் உங்கள் பக்கம் வந்து நிற்க மாட்டார். யூனிஃபார்மும் அப்படித்தான்: போலீஸ், ராணுவ உடை போலத் தோன்றும் எதையும் போடக் கூடாது. போட்டால் காவலாளிக்கும் தண்டனை, ஏஜென்சி முதலாளிக்கும் தண்டனை.

துப்பாக்கியோடு நிற்கும் கன்மேன் வேலை தனி. அதற்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். முன்னாள் ராணுவத்தினர்தான் பெரும்பாலும் அதற்குப் போகிறார்கள். புதிதாக வருபவர் அதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

சேரும்போது ஆதார், முகவரிச் சான்று, புகைப்படங்கள் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை பார்த்திருந்தால் அந்த விவரமும் வேண்டும், நன்னடத்தைச் சரிபார்ப்பில் கேட்பார்கள். பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஒரு நகல் வீட்டில் வையுங்கள். ஏஜென்சி மாறினால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சான்றிதழ் உங்களுடையது. ‘ஒரிஜினலை நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.