எட்டு பார், ஒரு பென்சில், பியானோ கிடையாது: மெட்டமைப்பு கேள்வி-பதில்

மேற்கத்திய இசைத் தியரித் தேர்வுகளில் வரும் 'கொடுக்கப்பட்ட தொடக்கத்தைக் கொண்டு ஒரு மெட்டை எழுதி முடிக்கவும்' என்ற கேள்வி பற்றி வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் எழுதியிருக்கிறேன். நீளத்தை வைத்துக் கேள்வியின் தரத்தை எடை போட வேண்டாம்.

கீ சிக்னேச்சர் (வரித் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்), இன்டர்வல் (இரு சுரங்களின் இடைவெளி), கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெட்டு எழுதச் சொன்னால் மட்டும் தலை காலியாகிவிடுகிறது. கற்பனை இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வி கைகூடுமா?

கைகூடும். கற்பனையில் கடினமான பாதி எது? ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு யோசனையைப் பிடிப்பது. அதைத் தேர்வுத்தாளே செய்து கொடுத்துவிடுகிறது. அச்சிட்டிருக்கும் இரண்டு பாரில் (தாளத்தைச் சம அடிகளாகப் பிரிக்கும் கட்டம்தான் பார்) ஒரு தாள வடிவம் இருக்கும், ஒரு தாவலோ படிப்படியான ஏற்றமோ இருக்கும், ஒரு கீ, அதாவது மெட்டு சுற்றிவரும் சுரக் குடும்பம், இருக்கும். மற்றவர் தொடங்கிய பேச்சை அவர் தொனியிலேயே தொடர்ந்து பேசி முடிப்பதுதான் உங்கள் வேலை.

நான் திருத்திய பயிற்சித் தாள்களில் அடிக்கடி பார்க்கும் தவறு, கற்பனை அதிகமாகிப் போவதுதான். இரண்டாவது பார் முடிந்ததும் மாணவர் தனக்குப் பிடித்த வேறு ஒரு மெட்டை எழுத ஆரம்பித்துவிடுவார். தனியாகக் கேட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

இரண்டு பார் கொடுக்கிறார்கள். மூன்றாவது பாரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பத்து நிமிடம் போய்விடுகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மூன்றாவது பாரிலிருந்து தொடங்காதீர்கள். எட்டாவது பாரில், அதாவது கடைசி பாரில் தொடங்குங்கள். அப்புறம் நான்காவது. மெட்டு எங்கே இளைப்பாறும், எங்கே முடியும் என்று முடிவு செய்துவிட்டால் நடுவில் இருப்பதெல்லாம் அந்த இரண்டு இடங்களுக்குப் போகும் வழிதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஜி மேஜர் (ஜியை வீடாகக் கொண்ட கீ), 3/4 (பாருக்கு மூன்று அடி). முதல் பார்: ஜி, பி, டி, மூன்றும் குரோச்செட் (ஓர் அடி), மேல்நோக்கி. இரண்டாவது பார்: சி மினிம் (இரண்டு அடி), பி குரோச்செட். இது தேர்வு கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எட்டாவது பாரில் ஜி, டாட்டட் மினிம் (மூன்று அடி). வீட்டுக்கு வந்தாயிற்று. நான்காவது பாரில் டி, அதுவும் டாட்டட் மினிம். டி இங்கே டாமினன்ட், அதாவது கீயின் ஐந்தாம் சுரம். அதில் நின்றால் 'இன்னும் இருக்கிறது' என்று காது எதிர்பார்க்கும்.

இப்போது மூன்றாவது பார். முதல் பாரின் உருவத்தை ஒரு படி மேலே தூக்குங்கள்: ஏ, சி, இ. இதுதான் சீக்வென்ஸ். இரண்டாவது பாரையும் அப்படியே தூக்கினால் டி மினிம், சி குரோச்செட் என்று வரும், ஆனால் நமக்கு நான்காவது பாரில் ஓர் இளைப்பாறல் வேண்டும். அதனால் டியிலேயே நின்றுவிடுகிறோம். அடியில் ஓடும் கார்டையும் கவனியுங்கள். ஏ-சி-இ என்பது ஜி மேஜரின் இரண்டாம் கார்டு. அதிலிருந்து ஐந்தாம் கார்டுக்கு வருகிறோம். சரியான இம்பர்ஃபெக்ட் கேடன்ஸ், அதாவது ஐந்தாம் கார்டில் நிற்கும் ஃபிரேஸ் (இசை வாக்கியம்) முடிவு.

ஐந்தாவது பாரில் அதே ஜி கார்டை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள்: மேல் ஜி, டி, பி. முதல் பாரின் எதிரொலி கேட்கிறது, ஆனால் திசை மாறிவிட்டது. மெட்டின் உச்சமும் இங்கேதான் விழுகிறது. ஆறாவது பாரில் இரண்டாவது பாரின் தாளத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள்: சி மினிம், ஏ குரோச்செட். ஏழாவது பார்: பி, ஏ, எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் (எஃப்பைவிட அரைப்படி மேலே) இங்கே லீடிங் நோட், அதாவது வீட்டுக்கு இழுக்கும் ஏழாம் சுரம். அது ஒரு அரைப்படி ஏறி எட்டாவது பாரின் ஜியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது எலும்புக்கூடுதான். பெரும்பாலும் குரோச்செட்டாக நடப்பதால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஏழாவது பாரில் பி-ஏ-ஜி-எஃப் ஷார்ப் என்று ஒரு ஜோடி குவேவரை (அரை அடி) நடுவில் நுழைத்தால் உயிர் வரும். ஆனால் கூடு நின்ற பிறகுதான் சதை. பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் அந்தப் பத்து நிமிடம் வீணாகிறது.

சீக்வென்ஸ் எத்தனை முறை போடலாம்?

ஒரு வடிவத்தை இரண்டு முறை சொல்லுங்கள், மூன்றாவது முறை மாற்றிவிடுங்கள். நான்கு முறை படியேறினால் அது ஸ்கேல் பயிற்சி போலாகிவிடும்.

மாடுலேஷன் (நடுவில் கீயை மாற்றுவது) செய்யச் சொல்லியிருந்தால் பயமாக இருக்கிறது. ஷார்ப் போட்டாலும் கீ மாறின மாதிரி கேட்கவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார்.

மேலே எழுதிய மெட்டுக்கே திரும்பிப் போவோம். மூன்றாவது பார் ஏ, சி, இ. நான்காவது பார் டி. இப்போது அந்தச் சியை சி ஷார்ப் ஆக்குங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். ஏ, சி ஷார்ப், இ என்பது டி மேஜரின் டாமினன்ட் கார்டு. அடுத்து வரும் டி இப்போது வெறும் இடைநிறுத்தம் கிடையாது, புதிய வீடு. ஒரே ஒரு ஷார்ப், ஆனால் சரியான இடத்தில்.

உங்கள் ஆசிரியர் சொல்வதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். புதிய கீயின் அடையாளச் சுரம் எங்கேயோ ஓரமாக, குவேவர் கூட்டத்தில் ஒளிந்து வந்தால் அது கடந்துபோகும் அலங்காரமாகத்தான் கேட்கும். கேடன்ஸுக்கு முன்னால் வர வேண்டும், அதன் பின்னே புதிய டானிக் (கீயின் வீட்டுச் சுரம்) வர வேண்டும். அப்போதுதான் காது நம்பும்.

திரும்பி வருவதையும் மறக்க வேண்டாம். நம் மெட்டின் ஆறாவது பாரில் வரும் ஷார்ப் இல்லாத சி, அதாவது சி நேச்சுரல்தான் ஜி மேஜருக்குள் மறுபடியும் இழுத்து வருகிறது. பார் கோடு தாண்டியதும் பழைய ஷார்ப் செல்லாது என்பது விதி. ஆனாலும் அந்த நேச்சுரல் குறியை எழுதிவிடுங்கள். திருத்துபவருக்கு உங்கள் எண்ணம் பளிச்சென்று தெரியும்.

மைனரில் கேட்டால் ரிலேட்டிவ் மேஜருக்கு (அதே கீ சிக்னேச்சர் உள்ள மேஜர் கீ) போவது சுலபம். ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போக, ஜி ஷார்ப்பை விட்டுவிட்டு ஜி நேச்சுரலுக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது. மைனரில் வேறொரு பள்ளம் இருக்கிறது: எஃப் நேச்சுரலிலிருந்து நேரே ஜி ஷார்ப்புக்குத் தாவுவது. அது ஆக்மென்டட் செகண்ட், வழக்கமான படியைவிட அகலமான இடைவெளி. பாடிப் பாருங்கள், தொண்டையில் முள் மாதிரி குத்தும். ஏறும்போது எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். இறங்கும்போது ஜி நேச்சுரல், எஃப் நேச்சுரல். மெலடிக் மைனர் ஸ்கேல் இருப்பதே இந்தச் சங்கடத்துக்காகத்தான்.

தேர்வறையில் பியானோ கிடையாது. எழுதுவது எப்படிக் கேட்கும் என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் எழுதுகிறேன்.

எனக்கு வந்த கேள்விகளில் மிக நேர்மையானது இதுதான். பல பேர் விதிகளை வைத்துக் கணக்குப் போடுவது போல மெட்டை எழுதிவிட்டு, அது எப்படி ஒலிக்கும் என்றே தெரியாமல் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

வீட்டில் பழகும்போது பியானோ முன்னால் உட்கார்ந்து எழுதாதீர்கள். விரல் தேடிக் கொடுத்த மெட்டு விரலுக்குத்தான் சொந்தம், காதுக்கு இல்லை. மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள், முணுமுணுத்துப் பாடுங்கள், அதற்குப் பிறகு வாசித்துப் பாருங்கள். மனதில் கேட்டதும் பியானோவில் கேட்டதும் எங்கே பிரிகின்றனவோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி இடங்களில்தான் இருக்கும். பெரும்பாலும் ஆறாம் தாவல், ஏழாம் தாவல் (அகலமான இன்டர்வல்கள்), இல்லாவிட்டால் அக்சிடென்டல் (கீயில் இல்லாத ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல்). அவற்றை மட்டும் தனியாகப் பாடிப் பழகினால் போதும்.

இன்னொரு பயிற்சி. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் இரண்டு வரியை, கருவி தொடாமல், நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். சொந்த மெட்டை மனதில் கேட்பதைவிட இது சுலபம், ஆனால் வேலை செய்யும் தசை அதேதான்.

தேர்வறையில் டானிக்கை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபிரேஸின் முடிவிலும் அதைத் திரும்பத் தொட்டுப் பாருங்கள். உதடு அசையலாம், சத்தம் வரக் கூடாது. என் மாணவி ஒருத்தி தன்னை மறந்து முணுமுணுத்து, கண்காணிப்பாளர் இரண்டு முறை பக்கத்தில் வந்து நின்றாராம். மெட்டு என்னவோ நன்றாகத்தான் வந்தது.

விதி எதையும் மீறவில்லை. கேடன்ஸ் சரி, கீ சரி. ஆனாலும் பயிற்சித் தேர்வில் 'உயிரோட்டம் இல்லை' என்று எழுதி மதிப்பெண் குறைக்கிறார்கள். உயிரோட்டத்தை எப்படிப் படிப்பது?

நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் கோளாறு தாளத்தில்தான் இருக்கிறது. சுரங்களை எவ்வளவு அழகாகத் தேர்ந்தெடுத்தாலும் எட்டு பாரும் ஒரே நடையில் போனால் தூக்கம் வரும். எட்டு பாரிலும் எட்டு விதத் தாளம் என்றாலும் கேட்பவருக்குத் தலை சுற்றும்.

பெத்தோவனின் 9-ஆம் சிம்பொனி, 1824-இல் முதன்முதலாக அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியில் வரும் புகழ்பெற்ற மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டி மேஜர். முதல் எட்டு பாரில் டியிலிருந்து ஏ வரை ஐந்தே சுரங்கள். தாவலே கிடையாது, எல்லாம் பக்கத்துப் படி. நான்காவது பார் எஃப் ஷார்ப்பில் தொடங்கி இயில் முடிகிறது, எட்டாவது பார் இயில் தொடங்கி டியில் முடிகிறது. கேள்வியும் பதிலும் அவ்வளவுதான். அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஒரு டாட்டட் குரோச்செட்டும் (ஒன்றரை அடி) குவேவரும் வந்து நடையை லேசாக உலுக்கும். மற்ற பாரெல்லாம் குரோச்செட்.

சரி, அப்புறம் என்ன செய்கிறார்? மூன்றாவது வரியில் தாவல்கள் வருகின்றன, குவேவர்கள் வருகின்றன. நான்காவது வரியில் பழைய மெட்டு திரும்பும்போது, பார் தொடங்கும் வரை காத்திருக்காமல் ஓர் அடி முன்னாடியே நுழைந்து, கோடு தாண்டி நீள்கிறது. எதிர்பார்த்த விருந்தாளி ஐந்து நிமிடம் முன்னால் வந்து கதவைத் தட்டுவது போல. எல்லாம் எளிமையாக இருப்பதால்தான் அந்த ஒரு சின்னக் குறும்பு காதில் விழுகிறது.

உங்கள் எட்டு பாரிலும் இப்படி ஒரே ஓர் இடம் போதும். ஒரு டை (ஒரே சுரத்தை நீட்டும் வளைவு), ஒரு டாட்டட் தாளம், எதிர்பாராத ஒரு ரெஸ்ட் (மௌனம்). எனக்குப் பிடித்த இடம் ஆறாவது பார். உச்சம் ஐந்திலோ ஆறிலோ வந்துவிடுவதால், மெட்டு அங்கே கொஞ்சம் துணிச்சலோடு இருந்தால் பொருத்தமாக இருக்கும். உச்சச் சுரத்தை ஒரு முறை மட்டும் தொடுங்கள். மூன்று முறை தொட்டால் அது உச்சம் இல்லை, கூரை.

நான் பியானோ மட்டும்தான் படிக்கிறேன். கிளாரினெட்டுக்கோ வயலினுக்கோ எழுதச் சொன்னால் என்ன செய்வது?

கருவியை வாசிக்கத் தெரிய வேண்டாம், அதன் எல்லையும் மூச்சும் தெரிந்தால் போதும். வயலினின் அடிச்சுரம் மிடில் சிக்கு (பியானோவின் நடுவில் இருக்கும் சி) கீழே இருக்கும் ஜி. புல்லாங்குழலுக்கு மிடில் சி, அங்கே அதன் ஒலி மெலிதாகிவிடும் என்பதால் அந்த இடத்தில் ஃபார்ட்டிசிமோ (மிக உரத்த ஒலி) கேட்காதீர்கள். கிளாரினெட்டுக்கு எழுத்தில் மிடில் சிக்குக் கீழே உள்ள இ வரை போகலாம். பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதினால் பி ஃபிளாட் ஒலிக்கும். ஆனால் அச்சிட்ட தொடக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியே தொடருங்கள், நீங்களாக எதையும் மாற்றி எழுத வேண்டாம்.

பியானோக்காரர்கள் மறப்பது மூச்சை. நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் 3/4-இல் நான்கு பார் என்றால் பத்து விநாடி. அது வாசிப்பவருக்குச் சமாளிக்கக்கூடியது. எட்டு பாரையும் ஒரே ஸ்லருக்குள் (சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைவு) போட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். ஃபிரேஸ் முடிவில் ஒரு ரெஸ்ட் வையுங்கள், இல்லை ஸ்லரையாவது முறியுங்கள்.

டெம்போ (வேகம்), டைனமிக்ஸ் (ஒலியளவு), ஆர்ட்டிகுலேஷன் (சுரங்களைச் சேர்த்தோ வெட்டியோ வாசிக்கும் விதம்) குறிகளைக் கடைசி இரண்டு நிமிடத்தில் தூவாதீர்கள். உச்சத்தை நோக்கி ஒரு கிரெசென்டோ (ஒலி கூடுவது), முடிவுக்கு ஒரு டிமினுவெண்டோ (ஒலி குறைவது). இதற்கும் மதிப்பெண் உண்டு.

ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) 5-ஆம் கிரேடு ஆன்லைன் தேர்வில் மெட்டு எழுதும் கேள்வி இல்லையே. நான் எதற்கு இதைப் பழக வேண்டும்?

2020-இல் 1 முதல் 5 வரையான கிரேடுகள் ஆன்லைனுக்குப் போனபோது அந்தக் கேள்வி போய்விட்டது, உண்மை. 5-ஐத் தாண்டிப் போகும் எண்ணம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். 6-ஆம் கிரேடுக்குப் போவதாக இருந்தால் அங்கே மெட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது, கூடவே ஹார்மனியும். இரண்டையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொள்வது சிரமம். அதனால் 5 முடிந்த கையோடு வாரத்துக்கு இரண்டு மெட்டு எழுதத் தொடங்கிவிடுங்கள்.

தொடக்கம் அப்பீட்டில் (முதல் முழு பாருக்கு முன்னால் வரும் அடி) இருந்தால் கடைசி பாரை எப்படி முடிப்பது?

கடன் வாங்கிய அடியைக் கடைசியில் கழிக்க வேண்டும். 3/4-இல் ஒரு குரோச்செட் அப்பீட் என்றால் கடைசி பாரில் இரண்டு அடிதான். உங்கள் ஃபிரேஸ்களும் மூன்றாவது அடியிலேயே தொடங்கட்டும். நான்காவது பாருக்குப் பிறகு அப்பீட்டை மறந்துவிட்டு முதல் அடியில் தொடங்குபவர்கள் ஏராளம். மாணவனாக இருந்தபோது நானும் அதே தப்பைச் செய்து, கணக்கு இடிக்கவே கடைசியில் ஒரு அரைகுறை பாரை ஒட்ட வைத்தேன். திருத்தியவர் அதன் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி ஒன்று மட்டும் போட்டிருந்தார்.