மலைச்சரிவில் இருக்கும் வீடுகளை வானத்திலிருந்து பார்ப்பது: கேள்வி பதில்

நீலகிரி நகரங்களில் திட்டமிடாமல் வளர்ந்த குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படமும் மெஷின் லேர்னிங்கும் கொண்டு வரைபடமாக்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்குத் தொழில் தொலையுணர்வு, அதாவது வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துத் தரையை ஆராய்வது. ஊர் இதே மலை.

அக்கா, நான் ஊட்டியில் புவியியல் முதுகலை படிக்கிறேன். காசு கொடுத்துப் படம் வாங்க வசதியில்லை. இலவசப் படங்களை வைத்து வீடுகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

குடியிருப்பைக் கண்டுபிடிக்கலாம், வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். 300 சதுர அடி தகர வீடு ஒன்று 28 சதுர மீட்டர்தான். அப்படியென்றால் மூன்று வீடும் நடுவில் ஒரு சந்தும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஊர் எந்தச் சரிவில் பரவுகிறது, எந்த ஆண்டில் தேயிலை போய்க் கூரை வந்தது என்பதற்கு அது போதும். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. 30 மீட்டர் பிக்சல்தான், ஆனால் 1980-களிலிருந்தே பார்க்கலாம்.

தனித்தனிக் கூரை வேண்டுமென்றால் கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவை இறக்கிப் பாருங்கள். ஒரு பிக்சல் 50 சென்டிமீட்டராக இருக்கும் படங்களிலிருந்து மாடல், அதாவது உதாரணங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல், வரைந்த கட்டட எல்லைகள் அவை. 2023-இல் வந்த பதிப்பில் நம் பகுதியும் உண்டு. அது கட்டடம்தான் என்பதில் மாடலுக்கு எவ்வளவு உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் தந்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம். ஒட்டி ஒட்டி நிற்கும் தகரக் கூரைகள் பல இடங்களில் ஒரே கட்டடமாகச் சேர்ந்துவிடும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

குன்னூரில் ஆசிரியராக இருக்கிறேன் மேடம். ஒரு இடம் நெரிசலான குடியிருப்பு என்று கணினி எப்படி முடிவு செய்கிறது? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

முடிவு செய்வது முதலில் நாம்தான். சில நூறு இடங்களைப் படத்தில் நாமே கோடு போட்டு, இது நெரிசலான குடியிருப்பு, இது தோட்டம், இது காடு என்று பெயரிட்டுக் கொடுக்கிறோம். கணினி அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பார்க்காத இடங்களுக்கும் அதே பெயர்களைச் சூட்டுகிறது. நிறம் மட்டும் போதாது. கூரைகள் எவ்வளவு சிறியவை, ஒரே திசையில் நிற்கின்றனவா, இடையில் பச்சை உண்டா என்ற இழையமைப்பைத்தான் அது அதிகம் நம்புகிறது. இழையமைப்பை எண்களாக்கும் முறையை ஹராலிக்கும் அவருடன் இருந்தவர்களும் 1973-லேயே எழுதிவிட்டார்கள். அந்த எண்களை, பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்துப் பார்க்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற முறையில் போடலாம். இல்லையென்றால் 2015-இல் மருத்துவப் படங்களுக்காக உருவான யூ-நெட் போன்ற நரம்பு வலையைப் பழக்கலாம். நாம் பெயரிட்ட உதாரணங்கள் (லேபிள்) குறைவாக இருக்கும் சின்ன வேலைக்கு நான் ரேண்டம் ஃபாரஸ்டைத்தான் சொல்வேன். எங்கே தவறியது என்று அதில் தேடிப் பார்ப்பது சுலபம்.

மும்பைக்குச் செய்த மாடலை அப்படியே நம் ஊருக்குப் போட்டால் என்ன?

போட்டுப் பாருங்கள், தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் குடிசைப் பகுதி என்று வரும்! இந்தக் கேள்வியை ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமவெளி நகரத்தில் நெரிசலான பகுதி என்றால் ஏக்கர் கணக்கில் தொடர்ந்து கிடக்கும். இங்கே அப்படி இல்லை. ஓடையோரம் பன்னிரண்டு வீடு, அதற்கு மேல் தேயிலை, அதற்கு மேல் ரோட்டை ஒட்டி எட்டு வீடு என்றுதான் இருக்கும். பெரிய பரப்பைத் தேடப் பழகிய மாடலுக்கு இது கண்ணிலேயே படாது. மேலே சில்வர் ஓக் மரம் கவிந்திருந்தால் பாதிக் கூரை மறைந்துவிடும்.

அடுத்தது நிழல். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணி வாக்கில். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் நிற்கும். வடமேற்கு பார்த்த செங்குத்துச் சரிவெல்லாம் இருண்டுவிடும். ஒரே தகரம் ஒரு சரிவில் வெள்ளையாகவும் எதிர்ச்சரிவில் சாம்பலாகவும் தெரியும். சரிவுக்கேற்ற வெளிச்சத் திருத்தம் செய்யாமல் மாடலைப் பழக்கினால் அது வீட்டைக் கற்காது, வெயிலைத்தான் கற்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். இங்கே ஒரே மாதிரி தெரியும் கூரைகளுக்குக் கீழே இருப்பவை ஒன்றல்ல. எஸ்டேட் லைன் வீடுகள் சின்னவை, நெருக்கமானவை, ஆனால் நிர்வாகமே கட்டித்தந்தவை. படகர் ஹட்டியில் வீடுகள் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கும். அது தலைமுறைகளாக இருக்கும் ஊர், அதைச் சேரி என்று எழுதினால் அபத்தம் மட்டுமல்ல, அவமரியாதையும்கூட. கொய்மலர் வளர்க்கும் பாலிஹவுஸ் வெள்ளையாகப் பளபளக்கும். கேரட் பிடுங்கிய மண், காங்கிரீட் மாதிரியே ஒளியைத் திருப்பும். இவை ஒவ்வொன்றுக்கும் தனி லேபிள் கொடுத்தால்தான் மாடல் தேறும். குடியிருப்பு, குடியிருப்பு அல்ல என்று இரண்டே வகை வைத்தால் நிச்சயம் குழப்பும்.

பாதி வருஷம் மேகம்தானே. ராடார் படம் உதவுமா?

ஓரளவு. சென்டினல்-1 ராடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், கட்டடங்கள் அதில் பளிச்சென்று தெரியும். ஆனால் மலையில் ராடாரைப் பார்த்திருக்கும் சரிவு நசுங்கித் தெரியும், பின்சரிவு நிழலில் போய்விடும். செங்குத்துப் பாறை முகங்களும் கட்டடம் போலவே பளபளக்கும். அதனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஒளிப்படங்களை அடிப்படையாக வைத்து, ராடாரைத் துணைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

கூடலூரில் இருந்து எழுதுகிறேன். அப்பா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். எங்கள் இடம் பிரிவு 17 நிலம், பட்டா கிடையாது. உங்கள் வரைபடத்தில் எங்கள் வீடும் முறையற்றது என்று சிவப்பாகத்தான் வருமா?

இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன் அண்ணா. படத்துக்குப் பட்டா தெரியாது. உங்கள் வீடு காங்கிரீட் தளம் போட்டு, சுற்றிலும் தோட்டத்தோடு இருந்தால் எந்த மாடலும் அதை முறையான வீடு என்றே சொல்லும். பட்டா உள்ள பழைய ஓட்டு வீடு ஒன்று நெருக்கத்தில் இருந்தால் அதைச் சிவப்பாக்கிவிடும்.

ஐ.நா. வாழ்விட அமைப்பு சேரிப் பகுதிகளை ஐந்தில் எது இல்லை என்று பார்த்து அளக்கிறது: உறுதியான வீடு, போதிய இடம், நல்ல தண்ணீர், கழிப்பிடம், வெளியேற்ற மாட்டார்கள் என்ற உறுதி. இவற்றில் முதல் இரண்டை மட்டும்தான் வானத்திலிருந்து கொஞ்சம் ஊகிக்க முடியும். உங்களுக்கு இல்லாதது ஐந்தாவது. அதன் வேர் 1969-இன் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில், நீங்கள் சொன்ன அந்த 17-ஆம் பிரிவில் இருக்கிறது, கூரையில் இல்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் வந்த குடும்பங்களின் கதையைச் செயற்கைக்கோளின் எந்த அலைவரிசையும் பதிவு செய்யவில்லை. ஆகவே யாராவது படத்தை மட்டும் வைத்து ஆக்கிரமிப்பு வரைபடம் என்று கொண்டுவந்தால், வருவாய்த் துறை ஆவணம் எங்கே என்று கேளுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்காத இடத்தை அப்படிக் கணக்கில் எடுக்க 300 பேராவது, அல்லது 60, 70 வீடுகளாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று அதில் வரையறை. மேலே சொன்ன ஓடையோரப் பன்னிரண்டு வீடு அதில் வராது. படத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான்: கணக்கில் வராமல் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போக அது வழி காட்டும்.

வார்டு கவுன்சிலராக இருக்கிறேன். மண்சரிவு அபாயமுள்ள வீடுகளின் பட்டியல் இதிலிருந்து கிடைக்குமா?

போய்ப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கிடைக்கும் ஐயா. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். குடியிருப்பு வரைபடத்தின் மேல் சரிவின் கோணம், ஓடைகளின் போக்கு, பழைய சரிவுத் தழும்புகள் மூன்றையும் வைத்தால் முதலில் எங்கே போவது என்று தெரியும்.

ஆனால் இலவச உயரத் தரவு 30 மீட்டர் கட்டத்தில் இருப்பது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய ஐந்து மீட்டர் மண்சுவர் அதில் கரைந்து காணாமல் போகும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த வெட்டுதான். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா, மேல் வீட்டுக் கழிவுநீர் எங்கே இறங்குகிறது, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். மழைக்கு முன்பே போங்கள்.

எங்கள் மாடல் 98 சதவீதம் சரி என்று வருகிறது. வெளியிடலாமா?

பொறுங்கள். 100 சதுர கிலோமீட்டரில் இந்தக் குடியிருப்புகள் 2 சதுர கிலோமீட்டர்தான் என்றால், எங்கேயும் எதுவும் இல்லை என்று சொல்லும் மாடலும் 98 வாங்கும். குடியிருப்பு வகைக்கு மட்டும் எத்தனை பிடித்தது, எத்தனை தவறவிட்டது என்று தனியாகப் பாருங்கள். அப்புறம், ஒரே பகுதியின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் பழக்கிச் சோதிக்கவும் கூடாது. குன்னூரில் பழக்கிக் கோத்தகிரியில் சோதியுங்கள். வருகிற எண் குறையும், அதுதான் உண்மையான எண்.

ட்ரோன் பறக்கவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடுமே?

தெளிவாகும். ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி மண்டல வரைபடத்தை முதலில் பாருங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் பக்கத்தில் இருக்கும்போது விளையாட்டு வேண்டாம். முற்றத்தில் துணி துவைக்கும் பெண்ணின் தலைக்கு மேல் பறக்கும் முன் அந்தத் தெருவில் சம்மதமும் கேளுங்கள்.

குன்னூரில் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறேன். இந்த வரைபடமே எங்களை அப்புறப்படுத்தப் பயன்படாது என்று என்ன நிச்சயம்?

நிச்சயம் எதுவும் இல்லை. அதனால்தான் யார் கையில், எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வீடு வீடாக எல்லை போட்டதைப் பொதுவில் வைக்கவே கூடாது. 100 மீட்டர் கட்டங்களாகத் திரட்டியதை வைக்கலாம். வெளியிடும் முன் அங்கே குடியிருப்பவர்களிடம் காட்டித் திருத்தம் வாங்க வேண்டும். குடிசைப் பகுதி என்று அறிவிப்பது 1971-இன் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் அரசு எடுக்கும் முடிவு, மாடலின் வேலை அல்ல.

இதே படங்கள் உங்கள் பக்கமும் பேசும். இந்த ஆண்டிலேயே இங்கே கூரை இருந்தது என்று பழைய படம் காட்ட முடியும். வன உரிமைச் சட்டத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று வருவதால் பழங்குடிக் கிராமங்களுக்கு இது முக்கியம். அந்தச் சட்டத்தின் விதிகள் செயற்கைக்கோள் படத்தை மற்றச் சான்றுகளுக்குத் துணையாகத்தான் ஏற்கின்றன, மாற்றாக அல்ல. படத்தில் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கோரிக்கையைத் தள்ள முடியாது.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. இதில் நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தெருவுக்குப் பேர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேருங்கள். பொதுக்குழாய், படிக்கட்டு, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் கடைசி இடம், இவை எந்தப் படத்திலும் தெரியாது. ஜிபிஎஸ்ஸை இயக்கி ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று குறியுங்கள், மலையில் சிக்னல் நிலைபெற நேரமாகும். மழை நாளில் தண்ணீர் இறங்கும் பாதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதி வையுங்கள். ஆட்களின் பேர், போன் நம்பர் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.