சாத்திரம் கேட்பதில் உண்மை உண்டா? படித்தவர்களும் ஏன் போகிறார்கள்?

நடக்கப் போவதை யாரும் முன்கூட்டி அறிய முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சாத்திரம் கேட்கும் வீட்டில் வளர்ந்தவன் என்பதால், 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்த மனம் வரவில்லை.

எங்கள் வயல் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில். காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு செய்யும் நெற்போகத்துக்கு, விதைத்ததும் மாடுகளைக் காட்டுப் பக்கம் சாய்த்துவிடுவோம். திரும்பி வராத மாட்டுக்காக அப்பா ஒரு சாத்திரியாரிடம் போவார். அவர் வெற்றிலையைப் பார்த்து, "தண்ணிக்குக் கிட்ட நிக்குது, மூண்டு நாளுக்குள்ள கிடைக்கும்" என்பார். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு போன்ற பெருங்குளங்களும் எண்ணிலடங்காத சிறுகுளங்களும் கிடக்கும் நிலத்தில், மாடு தண்ணீருக்குக் கிட்ட நிற்காமல் வேறெங்கே நிற்கும்? கிடைத்தால் அவருக்குப் பெயர். கிடைக்காவிட்டால், "ஆரோ பிடிச்சு வித்திட்டாங்கள்" என்று அப்பாவே காரணம் சொல்லி அவரைக் காப்பாற்றிவிடுவார். குறி பலிப்பதில் பாதி வேலையைக் கேட்பவர்தான் செய்கிறார்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில், போருக்குப் போனவன் வருவானா என்று அறிய, முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி, ஊர்ப்புறத்தில் விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு ஓர் ஆயர் பெண் "உன் தாய் இப்போதே வந்துவிடும்" என்று ஆறுதல் சொல்ல, அதையே தங்களுக்கான நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். அவளோ கன்றிடம்தான் பேசினாள்.

2009இல் போர் முடிந்த பிறகு, மாட்டுக்காகக் கேட்டதைக் காணாமல் போன பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள். பெரியம்மாவும் மகனுக்காகக் கேட்டார். பதிலும் அதேதான்: "இருக்கிறான், தண்ணிக்குக் கிட்ட." மூன்று நாள் மட்டும் மூன்று மாதமாகி, பின்னர் மூன்று வருடமானது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்துக்கும் படத்தோடு போய் இருந்துவிட்டு, திரும்பும் வழியில் சாத்திரியார் வீட்டிலும் இறங்குவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த மாட்டுக் கதையைப் பெரியம்மாவுக்கு நினைவூட்டினேன்.

"எனக்கும் தெரியும் தம்பி. ஆனா 'இருக்கிறான்' எண்டு வாயால சொல்லுறது அந்த மனுசன் மட்டும்தானே" என்றார்.

அடுத்த முறை நான்தான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.