வாசகர் கேள்வி பதில்: பட்டாளத்திலிருந்து ஊருக்கு வந்து தொழில் தொடங்குகிறவர்களுக்கு

கேள்வி: 17 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஏற்காட்டுக்கே திரும்பிவிட்டேன். அப்பாவின் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடமும் கொட்டை வாங்கி, வறுத்து அரைத்து விற்கலாம் என்று யோசனை. கோயம்புத்தூரில் மெஷின் பார்த்தாயிற்று, அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கிறேன். முன்னாள் ராணுவத்தினருக்கு மானியக் கடன் உண்டு என்கிறார்களே, யாரிடம் கேட்க வேண்டும்?
- முன்னாள் ஹவில்தார், ஏற்காடு

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் ஐயா. மற்றதெல்லாம் அப்புறம். என் அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்ததும் கமுட்டேஷன் பணத்தில் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) கையோடு மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து மானியம் கேட்டுப் போனார். ஏற்கெனவே ஓடுகிற தொழிலுக்குத் தர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். வாங்குவதற்கு முன்னால் வரவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லாததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிலை இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டிய திட்டத்தின் பெயர் 'முதல்வரின் காக்கும் கரங்கள்'. 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தது, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1 கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். கேட்க வேண்டிய இடம் சேலத்தில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறீர்கள், ஒரே நடையில் வேலை முடியட்டும்: டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார், பான், வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகலோடு வாருங்கள். மெஷின்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் போட்ட கொட்டேஷன் (விலை எழுதிய சீட்டு) மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியே மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு எட்டு போய்விடுங்கள், மற்ற மானியத் திட்டங்கள் அங்கேதான்.

அடுத்து திட்ட அறிக்கை. பெரும்பாலான விண்ணப்பங்கள் வங்கியில் நின்றுபோவது இங்கேதான் என்று நினைக்கிறேன். யாரோ கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுத்ததைக் கொண்டுபோய் நீட்டுகிறார்கள், மேலாளர் இரண்டு கேள்வி கேட்டதும் முழிக்கிறார்கள். உங்கள் தொழிலுக்கு முக்கியமான கணக்கு மெஷின் விலை இல்லை, கொட்டை வாங்கும் பணம். சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பது நவம்பர் வாக்கில் தொடங்கி நாலு மாதத்தில் முடிந்துவிடும், வருடம் முழுக்க விற்க வேண்டிய சரக்கை அந்த நாலு மாதத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். மெஷினுக்கு மட்டும் கடன் கேட்டுவிட்டு மார்ச் மாதம் கையில் காசில்லாமல் உட்கார்ந்தால், மெஷினும் சும்மாதான் நிற்கும். அதனால் நடைமுறை மூலதனத்தையும், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள், மாதவாரியாக எழுதிக் காட்டுங்கள். 17 வருடம் ஸ்டோர் கணக்கும் ரேஷன் கணக்கும் பார்த்த ஆட்களுக்கு இது வராது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஏற்காடு மலைப்பகுதி என்பதால் புதிதாக ஷெட் போடத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, ஊராட்சியில் கேட்டதோடு முடியாது, இருக்கிற கட்டடத்தில் தொடங்க முடிந்தால் அலைச்சல் பாதி குறையும். சிக்கரி கலப்பதாக இருந்தால் 49 சதவீதத்துக்கு மேல் கூடாது, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆகவேண்டும். கலெக்டர் காக்பர்ன் 1820-ல் காபிச் செடியைக் கொண்டுவந்த மலை இது. இங்கே விளைந்த கொட்டை இங்கேயே வறுபட்டு ஊர்ப் பெயரோடு வெளியே போனால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: என் கணவர் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். ஓமலூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறேன். நாலு தையல் மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்க ஆசை. எனக்கும் இதெல்லாம் உண்டா?
- ஒரு வாசகி

பதில்: உண்டு அம்மா. பணியில் இறந்த வீரரின் மனைவிக்கும் காக்கும் கரங்கள் திட்டத்தில் இடம் இருக்கிறது. கைம்பெண்ணுக்கான அடையாள அட்டை கையில் இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், அதே நல அலுவலகத்தில்தான் கொடுப்பார்கள்.

ஆனால் நாலு மெஷின் அளவுக்கு மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) திட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்கள், முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் அதில் சிறப்புப் பிரிவு, கிராமத்தில் தொடங்கினால் மானியம் 35 சதவீதம், நகரத்தில் 25. தொழில் தொடங்க மொத்தச் செலவு 10 லட்சம் என்றால் உங்கள் கைப்பணம் 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய், மானியம் மூன்றரை லட்சம். இந்த மூன்றரை லட்சம் உங்கள் கைக்கு வராது என்பதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று வருடம் இருக்கும், அந்தத் தொகைக்குக் கடன் வட்டி போடமாட்டார்கள், தொழில் ஒழுங்காக நடந்தால் அப்புறம் கடனில் கழித்துக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் "மானியத்தை வங்கிக்காரன் அமுக்கிவிட்டான்" என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டமும் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான், மெஷினை முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்கும் இந்த 10 லட்சத்துக்கு உட்பட்ட சிறுதொழில் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரை (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைப்பவர்) பாருங்கள், அங்கேயும் நடக்கவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள், ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் அம்மாபேட்டையில் மூன்று தலைமுறையாகத் தறி ஓட்டுகிறோம். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எதற்குத் தனியாக மானியம்?
- நெசவாளர், சேலம்

பதில்: நியாயமான கேள்வி, கோபமும் புரிகிறது. ஒரு ஜவான் வீட்டுக்கு வரும்போது பல நேரம் வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. படை இளமையாக இருக்கவேண்டும் என்பதற்காக அவரை அந்த வயதில் அனுப்புகிறோம். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகும், வீட்டுக்கடன் ஓடும். அதைவிடப் பெரிய சிக்கல், உங்களுக்கு நூல் கடன் கொடுக்கும் ஆள் யார், செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கடை நாணயமானது என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும், அவருக்கு அந்தப் பதினேழு வருடமும் எல்லையில் போயிருக்கிறது. மானியம் அந்த இடைவெளிக்குத்தான். தறிக்காரர்களுக்கு இன்னும் செய்ய வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் இவர்களிடமிருந்து எடுத்துத்தான் அதைச் செய்யவேண்டும் என்றில்லை.

கேள்வி: மகன் 2023 தொடக்கத்தில் அக்னிவீரராகச் சேர்ந்தான். நாலு வருடம் முடிந்து வந்தால் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைக்கட்டும் என்று பார்க்கிறோம். அவனுக்கு இந்தச் சலுகைகள் கிடைக்குமா?
- ஒரு தாய்

பதில்: இன்றைய விதிப்படி நாலு வருடத்தில் வெளியே வரும் அக்னிவீரருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, பென்ஷனும் இல்லை. அந்தப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாலு வருடம் முடிந்ததும் மொத்தமாகக் கைக்கு வரும் சேவா நிதி சுமார் 11.71 லட்சம். அது முழுவதையும் வெள்ளியிலும் பட்டறையிலும் முடக்கிவிட வேண்டாம். படைவீரர் என்ற தகுதி இல்லாமலே அவனுக்குத் திறந்திருக்கும் வழி மாவட்டத் தொழில் மையத்தின் யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டம், 15 லட்சம் வரையுள்ள திட்டத்துக்கு 25 சதவீதம் மானியம். வந்ததும் ஆறு மாதம், ஒரு வருடம் தெரிந்த பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்து பற்றவைப்பும் மெருகும் சேதாரக் கணக்கும் கற்றுக்கொள்ளட்டும். அதற்குள் விண்ணப்பத்தையும் போட்டு வைக்கலாம்.