வரி கட்டுகிறவர்கள் மேல் எங்களுக்கு நன்றி உண்டா?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. அரசு உதவி வாங்குகிறவர்களுக்கு வரி கட்டுகிறவர்கள் மேல் நன்றி உண்டா, உண்டென்றால் ஏன் இன்னும் இன்னும் கேட்கிறார்கள்? வாங்குகிற பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

உண்டு. எனக்கு நிறையவே உண்டு.

ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற பாம்பன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறார், நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாத்தியம் கிடையாது. ஆனால் எங்கள் ஒரு வருடத்தை எடுத்துப் பார்த்தால் உங்கள் பணம் படாத மாதம் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகு நின்றால் கூலி நின்றுவிடும். அந்தச் சமயத்தில் முன்பு 5,000 ரூபாய் நிவாரணம் வந்தது, 2023-இல் மண்டபத்தில் நடந்த மாநாட்டில் அதை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். தடைக்காலத்தில் நிவாரணம் இல்லையென்றால் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், முன்பணம் வாங்க வேண்டும், வாங்கினால் தொழில் தொடங்கியதும் மீன்பாடு நன்றாக இருந்தாலும் கைக்குக் காசு வராது, பிடித்தம் போகத்தான் மிச்சம், அடுத்த படகுக்கு மாறலாம் என்றால் அதற்கும் கடன் விடாது. அந்த 8,000 எங்களைப் பணக்காரராக்கவில்லை, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் அப்பா யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் பார்த்துக்கொண்டது. அம்மாவுக்கு மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம். அவர் 1,500 ரூபாய் சேர்த்தால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகத் திரும்ப வரும். ரேஷன் அரிசி, குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் எல்லாம் இதில் சேர்த்திதான். தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாய் வழியாக எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது, உப்புக் கிணற்றை நம்பிக் குடித்தனம் நடத்தியவர்களைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.

அக்காவுக்குப் பிரசவ நேரத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, நடு இரவில் 108 வந்து, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன வழி பாம்பன் சாலைப் பாலம், 1988-இல் திறந்தது. அதற்கு முன்பு தீவிலிருந்து வெளியே போக ரயில் அல்லது படகு, வேறு வழி கிடையாது. வலி வந்த பெண்ணோடு ரயிலுக்குக் காத்துக் கிடந்த கதையை அப்பத்தா சொல்லியிருக்கிறார். பாலம், வண்டி, டீசல், டாக்டர், ஏற்றிய ரத்தம், இதில் ஒன்றுக்கும் நாங்கள் அந்த இரவில் பணம் எடுத்து வைக்கவில்லை. அக்காவும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

எங்கள் ஊரில் நன்றி பெரும்பாலும் தலைவர்களுக்குப் போகிறது. அவர் கொடுத்தது, இந்த அம்மா கொடுத்தது என்றுதான் பேச்சு. கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு அந்தப் பெருமை சேர வேண்டியதுதான், நான் அதைக் குறைக்கவில்லை. ஆனால் பணம் போட்டவர் பெயர் எந்த சுவரொட்டியிலும் வருவதில்லை. கோயம்புத்தூரில் மாதச் சம்பளத்தில் பிடித்தம் போக மீதியை வாங்குகிறவர், கணக்கை ஒளிக்காமல் ஜி.எஸ்.டி. கட்டுகிற சின்னக் கடைக்காரர், டேங்க் நிரப்புகிற லாரிக்காரர், இவர்களுக்குத்தான் நான் சொல்கிறேன். நன்றி. உங்களில் பலர் பாம்பனைப் பார்த்ததுகூட இருக்காது.

சோப்பு வாங்கினால் நாங்களும்தான் வரி கட்டுகிறோம் என்று இந்த மாதிரிக் கேள்விக்குக் கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். தடைக்கால நிவாரணம் பிச்சை இல்லை, நாங்கள் கடலுக்குப் போகாமல் இருப்பதால்தான் மதுரைச் சந்தைக்கு அடுத்த வருடமும் மீன் வரும் என்பதும் உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லி நன்றியிலிருந்து நழுவ எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் கட்டியதைவிட அந்த ஒரு இரவில் வாங்கியது அதிகம்.

வாயால் சொல்வது மட்டும் போதாது என்பதால் என்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறேன். கடலுக்கே போகாதவர் பெயரை நிவாரணப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போடக் கேட்டால் நான் போடுவதில்லை. சொந்தக்காரர் கேட்டாலும்தான். சித்தப்பா ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை.

அப்புறம் இரண்டாவது பகுதி, ஏன் இன்னும் கேட்கிறோம். 8,000-ஐ 61 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு. அம்மா பாறைக்கு நடுவே மூழ்கிப் பாசி எடுக்கும்போது கை கிழிந்தால் அன்றைக்குக் கூலி இல்லை, அதற்கு ஈடு தர ஆளும் இல்லை. எங்கள் பக்கத்தில் ராத்திரி அவசரம் என்றால் இன்றைக்கும் பாலம் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. நன்றி இருக்கிறது என்பதற்காக இதைக் கேட்காமல் இருக்க முடியாது, கேட்போம். நீங்களும் எங்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் வரி கட்டுகிறவர் கேட்டால் காது கொடுக்கிறார்கள்.